கால் பங்கும் அரைப் பங்கும்

கீழ்க்கட்டளையில் மாலை ஆறு மணி என்பது பிள்ளைகள் பை மாற்றிக்கொள்ளும் நேரம். பள்ளிப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு டியூஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரியும் வண்டிகளின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் நடந்து போவதை நாம் மாடியிலிருந்து பார்ப்பதுண்டு. கம்பத்துக்குக் கம்பம் தட்டிகள். ஐந்தாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி, எட்டாம் வகுப்பிலேயே மருத்துவ நுழைவுக்கு அடித்தளம் என்று ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி தருகிறது. எந்தத் தட்டியிலும் 'எப்படிப் படிப்பது என்று சொல்லித் தரப்படும்' என்ற வரியை நாம் இதுவரை கண்டதில்லை.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் அம்மையார் தம் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெண் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை எழுதவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். கூடவே வந்த தம்பி நான்காம் வகுப்பு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டிருப்பதே அவன் வேலை. விமானி ஆகவேண்டுமாம், அதற்கு அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேரவேண்டுமாம்.

"விடியக்காலம் நாலு மணிக்கே எழுப்பி விட்டுடறேன் சார். சத்தமாத்தான் படிக்கிறா, நானும் காதால கேக்கறேன். ராத்திரி அதையே கேட்டா முழிக்கிறா. இவளுக்கு மண்டையில ஏறாதா சார்?" என்றார் அம்மையார்.

அந்தப் பெண் அருகிலேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நமக்கு நம்முடைய பத்தாம் வயது நினைவுக்கு வந்தது.

எம் தந்தையாரும் நான்கு மணிக்கு எழுப்பியவர்தாம். உறைவிடப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்காக ஓராண்டு முழுவதும் உரக்கப் படித்தோம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதுகூடக் கண்ணை மூடினால் தெரியும். தேர்வு அறையில் வெள்ளைத் தாளின் முன் அமர்ந்தபோதுதான், புத்தகம் இல்லாமல் ஒரு வரிகூட நாம் எழுதிப் பார்த்ததில்லை என்பது புரிந்தது. முடிவு வந்தபின் தந்தையார் ஏசவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. 'நாம் மந்தபுத்தி' என்ற முடிவுக்கு அந்த ஒரு மாதத்தில் வந்து சேர்ந்தோம். அதிலிருந்து மீள முதுகலை வகுப்பு வரை ஆயிற்று. ஓராண்டு உழைத்த பிள்ளையிடம் குறை இருந்ததாக வீட்டில் எல்லாரும் எண்ணினர். உழைத்த முறையில் குறை இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை.

*

நம்மை மீட்ட நூல் நன்னூல் என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கலாம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவரான பவணந்தி முனிவரின் அந்த இலக்கண நூலை நாம் எழுத்து, சொல் என்று தேர்வுக்கு வேண்டிய அளவில் படித்துவிட்டு, பொதுப்பாயிரத்தை வணக்கத்துக்குரிய பழம்பொருள்போல் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அங்கே பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமைதான். உடன் பயில்வோரோடு கூடிப் பழகும்போது இன்னொரு கால் வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்து உரைக்கும்போதுதான் நிறையும்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆசிரியருக்குக் கால், தோழருக்குக் கால், வாய்திறந்து சொல்வதற்கு அரை. தனியே உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குப் பவணந்தியார் தனிப் பங்கு எதுவும் ஒதுக்கவில்லை. நூல் பயிலும் இயல்பைச் சொல்லுமிடத்திலும் கேட்டதை நினைத்துப் பார்த்தல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை கூறுதல் என்று, மனம் தானே எழுந்து நடக்கவேண்டிய செயல்களையே அடுக்குகிறார்.

எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இதே முடிவை வேறொரு வழியில் வந்து தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்கு உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தனர். ஒரு முறை படித்தபின், சிலர் அதையே மறுபடி படித்தனர். சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினர்: நினைவில் நின்றது அவர்களுக்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மறுபடி படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டனர், எழுதிப் பார்த்தவர்களோ 56-இல் நின்றனர்.

தையற்கடை அம்மையாரின் குழப்பத்துக்கு விடை இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. உரக்கப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெரிவதாகவே தோன்றும், கேட்கும் தாய்க்கும் அப்படியே தோன்றும். ஐந்தாவது நிமிடத்தில் அது உண்மையும்கூட. எழுதிப் பார்ப்பதும் சொல்லிப் பார்ப்பதும் கசப்பானவை, ஏனெனில் அவை நமக்குத் தெரியாததை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியைத் தவிர்ப்பவன்போல் பிள்ளைகள் அதைத் தவிர்க்கிறார்கள். பெரியவர்களாகிய நாமும் சத்தத்தைக் கேட்டுப் படிப்பு நடப்பதாக மகிழ்ந்துவிடுகிறோம்.

*

'மனப்பாடமே வேண்டாமென்கிறீரா?' என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் சீறினார். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, ஏனெனில் நம் மரபே மனப்பாடத்தின்மேல் நிற்கிறது. ஆனால் அந்த மனப்பாடம் எப்படி நடந்தது என்பதை மறந்துவிட்டோம் என்பதே நம் குறை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என ஒவ்வொருவருக்கும் சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் மறவாமல் திரும்பச் சொல்லவேண்டும். ஏட்டில் எழுதித் தந்ததன்று, எனவே இரவெல்லாம் பிள்ளை அதை மனத்தில் எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். இடையில் ஓர் இரவு உறக்கம், மறுநாள் நினைவைத் தேடி எடுத்தல். 1885-இல் ஜெர்மானியர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக நிகழ்கிறதென்று அளந்து நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்பது அவர் கண்டது. அந்த முதல் நாளையே குறிவைத்து நம் திண்ணை உபாத்தியாயர் வலை விரித்திருக்கிறார். பிரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த நுட்பத்தை நாம் தொலைத்துவிட்டோம்.

நுழைவுத் தேர்வும் நமக்குப் புதிதன்று. 1871-இல் மாயூரத்தில், பதினாறு வயது இளைஞராகச் சென்று நின்ற உ.வே.சாமிநாதையரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உடனே மாணாக்கராக ஏற்றுவிடவில்லை. நைடதத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லச் சொன்னார், பொருளும் கேட்டார். நிகண்டு பாடமா என்று வினவினார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தக் காட்சியில் இளைஞருக்கிருந்த நடுக்கம் மறக்காது. அந்தத் தேர்வைக் கவனியுங்கள்: பாடல் நினைவில் இருக்கிறதா என்பது ஒரு பாதி, அதை விளக்கிச் சொல்ல முடிகிறதா என்பது மறு பாதி. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் இன்றைய தேர்வு முதற் பாதியைக்கூட முழுமையாகக் கேட்பதில்லை. பார்த்த விடையை அடையாளம் காண்கிறானா என்றே கேட்கிறது.

எம் துறைக்குள்ளேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழக அரசு 2022-இல் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வைத் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்படும் 1,500 பேருக்கு இரண்டாண்டுகள் மாதம் 1,500 ரூபாய், அதில் பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமே இருந்த பெருமையைத் தமிழுக்கும் தந்த நல்ல முயற்சி, வாழ்த்துகிறோம். இருப்பினும் இலக்கியத் திறனை வட்டமிட்டுக் காட்டவேண்டியிருப்பதில் ஒரு முரண் உண்டு. தேர்வின் வடிவத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. அதற்குப் படிக்கும் வடிவம் நம் கையில்தான் இருக்கிறது.

*

அந்தப் பெண்ணின் தேர்வு அமைப்பை வாங்கிப் பார்த்தோம். மனத்திறனுக்கு 90 வினா, 90 நிமிடம். படிப்பறிவுக்கு 90 வினா, 90 நிமிடம். அறிவியல், சமூக அறிவியல், கணிதம் மூன்றும் ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்களே. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டில் 48,000. 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு 6,695 இடங்கள். தையற்கடையில் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது எத்தனை ரவிக்கைகளுக்கான கூலி என்று அம்மையாருக்குத்தான் தெரியும்.

நாம் சொன்னவை மிகச் சில. நான்கு மணிக்கு எழுப்பவேண்டாம், உறங்கட்டும். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதையும் மூன்றாகப் பகுத்துக்கொள்ளட்டும். ஒரு பாடத்தை ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதைப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதட்டும். பிறகு திறந்து பார்த்து, விட்டதை மட்டும் வேறு மையில் குறிக்கட்டும். அதே பாடத்தை மறுநாள், நான்காம் நாள், அடுத்த வாரம் என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூடிய புத்தகத்திலிருந்தே தொடங்கட்டும். தவறிய கணக்குகளுக்கெனத் தனியே ஒரு நோட்டு, அதில் விடையை மட்டும் எழுதாமல் 'எங்கே வழி தவறினேன்' என்று ஒரு வரி எழுதவேண்டும். பழைய வினாத்தாள்களைக் கடைசி இரண்டு மாதங்களில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே வினாத்தாளுக்குள் விழுந்தால் பாடம் கண்ணில் படாமலே போய்விடும்.

கடைசியாக ஒன்று, பவணந்தியாரின் அரைப் பங்கு. அன்றன்று படித்ததில் ஒன்றைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தம்பிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அவன் எழுதவிருக்கும் சைனிக் பள்ளித் தேர்வில், ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு மொத்தம் 300 மதிப்பெண், அதில் 150 கணிதத்துக்கு. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றுக்கும் ஐம்பது ஐம்பது. இரண்டரை மணி நேரத்தில் 125 வினா. தமிழிலேயே எழுதலாம் என்பதை அந்த வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலம் வராது என்று அஞ்சியே பாதி ஆசையை மடித்து வைத்திருந்தார்கள். 1962-இல் உடுமலைப்பேட்டைக்கு அருகே தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியைப் பற்றி, விமானத்தை எண்ணும் பையனுக்கு நாம் தரமுடிந்த முதல் பயிற்சி இந்தச் செய்திதான்.

முதல் இரு வாரம் அந்தப் பெண் அழுதாள். மூடிய புத்தகத்தின் முன் மூன்று வரிக்குமேல் வரவில்லை. "முன்னாடி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார், இப்ப எதுவுமே தெரியாத மாதிரி இருக்கு" என்றாள். அது தோல்வியன்று, அளவுகோல் சரியாகிவிட்டதன் அடையாளம் என்று விளக்க நமக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆறாவது வாரத்தில் அவளே தம்பியிடம், "இப்ப நீ எனக்குத் திருப்பிச் சொல்லு" என்று அதட்டிக்கொண்டிருந்ததை மாடிப்படியில் கேட்டோம்.

*

இந்த இடத்தில் மாற்றுக்கருத்து உடைய அன்பர்களையும் எதிர்கொள்ளவேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வுக்குத் தயாரிப்பதே கொடுமை, அதற்கு வழிகாட்டுவது அந்தக் கொடுமைக்குத் துணைபோவது என்பார்கள் அவர்கள். இக்கருத்தில் உண்மை இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பள்ளிச் சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு வைப்பதைத் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறைகளில் 50,000 வரையிலும் அபராதம். சைனிக் பள்ளி போன்றவற்றை அச்சட்டம் தனிவகையாகப் பெயரிடுகிறது, அவற்றின் தேர்வுகள் தொடர்கின்றன. சட்டம் எதற்காக அந்தத் தடையை எழுதியது என்பதை உணர்ந்தே பேசுகிறோம்.

கடல் கடந்து இலங்கையைப் பார்த்தாலும் இதே கவலைதான். அங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை ஆண்டுதோறும் மூன்று லட்சம் அளவில் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 1940-களில் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியோடு, ஏழைக் கிராமத்துப் பிள்ளையை நல்ல பள்ளிக்குக் கொண்டுசெல்லும் ஏணியாகப் பிறந்தது அது. இன்று வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பத்து வயதுப் பிள்ளை 'தோற்றவன்' என்று வீட்டிலேயே பெயர் பெறுகிறான். ஏணியாக வந்தது சல்லடையாகிவிட்ட கதை.

ஆயினும் நமக்கு ஒரு தயக்கம். மாதச் சம்பளமும் புத்தக அலமாரியும் உள்ள வீட்டிலிருந்துகொண்டு, தையற்கடை வீட்டுப் பிள்ளையிடம் 'அந்தக் கதவைத் தட்டாதே, தட்டுவது உனக்கு நல்லதன்று' என்று சொல்ல நாவு எழவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தட்டாமலே திறக்கும் கதவுகள் சில உண்டு, அவர்களுக்கு இல்லை. எனவே தட்டட்டும். தட்டும் பழக்கம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதே நம் கேள்வி.

நல்ல படிப்புப் பழக்கத்துக்கு நாம் வைக்கும் உரைகல் ஒன்றே: கதவு திறக்காமல் போனால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? குறுக்குவழிச் சூத்திரங்களும், விடையை ஊகிக்கும் தந்திரங்களும், அஞ்சி விழித்த விடியற்காலைகளும் தேர்வு முடிந்த மாலையே பயனற்றுப் போகும். மூடிய புத்தகத்தின் முன் நேர்மையாக அமர்தல், தன் பிழையைத் தானே பெயர்சொல்லி எழுதுதல், தெரிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லுதல் ஆகியவற்றை எந்தப் பட்டியலும் பறித்துக்கொள்ள இயலாது. ஒதுக்கீடு 6,695 தான். எழுதுபவர்களில் பெரும்பாலோர் வெளியே நிற்கப்போகிறவர்கள் என்பது வகுத்துப் பார்க்காமலே தெரியும் கணக்கு. அந்தப் பெரும்பாலோருக்குப் பயன்படாத பயிற்சியைப் பயிற்சி என்று எப்படி அழைப்பது?

கல்லூரியில் நாம் இருபதாண்டுகளாகக் காண்பதும் இதன் பின்விளைவுதான். இளங்கலை மூன்றாமாண்டு மாணவர்கள் பாடநூலில் வரிக்கு வரி மஞ்சள் மை பூசி வருகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு உன் சொல்லில் சொல் என்றால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் நாமும் குறிப்பு எழுதிப்போட்டே வகுப்பை ஒப்பேற்றியவர்கள்தாம் என்பதை மறைப்பதற்கில்லை. பத்து வயதில் நமக்கு இழைக்கப்பட்டதை இருபது வயதினருக்கு நாம் திருப்பி இழைத்தோம். இப்போது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் புத்தகங்கள் மூடப்படுகின்றன, ஒருவர் எழுந்து மற்றவர்க்குச் சொல்லவேண்டும். பாடத்திட்டம் முடியவில்லை என்று துறையில் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும்.

*

கோடை விடுமுறைக்கு முன்பாக அந்தப் பெண்ணின் தேர்வு முடிவு வந்தது. பட்டியலில் அவள் எண் இல்லை.

அம்மையார் கடையை அரை நாள் அடைத்துவிட்டு வந்து நம் வாசலில் நின்றார். நமக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "வீட்டில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா?" என்று மட்டும் கேட்டோம். கேள்வி விளங்காமல் நம்மைப் பார்த்தார். பின்பு, "பேசாம என்ன சார், அவதான் பேசறதை நிறுத்தறதே இல்லையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலை மாடிப்படியில் எட்டிப் பார்த்தோம். மூன்றாம் படியில் அவள். கீழ்ப்படியில் தம்பியும், அடுத்த வீட்டுச் சிறுவர் இருவரும். விகிதமும் விகிதசமமும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மீட்டர் துணியில் இத்தனை ரவிக்கை என்றால் ஐந்து மீட்டரில் எத்தனை என்று தன் வீட்டுக் கணக்கையே எடுத்துக்காட்டாக வைத்திருந்தாள். அது எந்தப் பயிற்சி ஏட்டிலும் இல்லாதது. ஒரு பையன் தவறாகச் சொன்னதும், "தப்பு. எங்க தப்பாச்சுன்னு நீயே சொல்லு பார்ப்போம்" என்று காத்திருந்தாள். அவன் யோசித்தான், அவள் அவசரப்படுத்தவில்லை.

பத்து வயதில் நமக்குக் கிடைக்காத ஒன்று அந்தப் படிக்கட்டில் கிடைத்துக்கொண்டிருந்தது. தம்பி இப்போது ஐந்தாம் வகுப்பு. தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். தேர்ச்சி பெறுவானா என்று நாம் அறியோம். அவன் அக்காள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை இப்போதும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனுக்குப் பாதிகூட விளங்காது, ஆனால் தலையாட்டி ஏமாற்றவும் முடியாது. திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அந்தப் படிக்கட்டின் சட்டம்.

அன்பர்கள் தம் வீட்டுப் பிள்ளையிடம் இன்றிரவு 'படித்தாயா?' என்று கேட்பதற்கு மாறாக, 'எனக்குச் சொல்லிக்கொடு' என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். விடை திணறலாக வந்தால் பொறுத்துக் கேளுங்கள். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அந்தத் திணறலில்தான் தொடங்குகிறது.